கெட்ட சேதி சொல்லாத கப்பல்

நட்சத்திரங்களுக்கு நடுவே சரக்குக் கப்பல் ஓட்டிய கேப்டன் திண்டுக்கல்லில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதுவும் எழுபதை நெருங்கும் வயதில், அறுவை செய்த முழங்காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் லாரி வாங்கப் போகிறானாம் என்று கேள்விப்பட்டபோதும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு என் லாரியில்தான் தக்காளி ஏற்றினார்கள்.

வீடியோ கேமைத்தான் சொல்கிறேன். என் மகள் பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். ஒரு கேம் விற்பனைக்கு வருமுன் அதை விளையாடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது சொதப்புகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கேமின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆகவே நானும் சொல்லப் போவதில்லை.

முழங்கால் அறுவை முடிந்ததும் டாக்டர் என்னை ஷெட் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஷெட் என்பது பழனி ரோட்டில் என் லாரிகள் நிற்கிற இடம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிகள் அங்கே வந்து டீசல் போட்டு, டிரைவர் சாப்பிட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒவ்வொன்றாகக் கேரளாவுக்குக் கிளம்பும். மகனிடம் அதை ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டில் இருக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பொறுக்க முடியாமல்தான் மகள் அந்தக் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள் என்பது என் மனைவியின் கட்சி. மகள் சொன்ன காரணம் வேறு. ஜென்மத்தில் கேம் விளையாடாத ஒருவர் விளையாடினால் எங்கே தடுமாறுகிறார் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம். அதற்கு என்னைப் போல ஆள் கிடைக்க மாட்டார் என்றாள். அது உண்மைதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆங்கிலத்தில் நம்பர் பிளேட் மட்டும் வாசிப்பேன். திரையில் வருகிற பேச்சையெல்லாம் மகள் தமிழில் சொல்லுவாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் சொல்லுவேன், அவள் காட்டுகிற பொத்தானை அமுக்குவேன். இரண்டே நாளில் கட்டைவிரல் படிந்துவிட்டது. பழைய லாரியில் பவர் ஸ்டியரிங் இல்லாமல் குமுளி மலை ஏறியவனுக்கு இந்தப் பொத்தான் ஒரு பொருட்டா?

கதை இதுதான். பூமி காய்ந்துபோய் ஜனங்கள் வேறு வேறு கிரகங்களில் குடியேறிவிட்டார்கள். அந்த ஊர்களுக்குத் தண்ணீரும் விதையும் மருந்தும் கொண்டுபோகிற கப்பலுக்கு நீ கேப்டன். உன்னோடு ஒரு பைலட் கிழவர், ஒரு டாக்டர், ஒரு இயந்திர மனுஷன், எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். சுடுவதும் ஓடுவதும் உண்டு. ஆனால் இந்த மாதிரி கேமில் முக்கியம் அது இல்லையாம். நீ எப்படிப்பட்ட ஆள் என்பதை உன் பேச்சாலும் முடிவாலும் நீயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று நான்கு பதில் திரையில் வரும். ஒன்றை எடுத்தால் எதிரே நிற்கிறவர் அதற்குத் தக்கபடி முகம் மாறுவார், அதை மறக்கவும் மாட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களை உண்டாக்கியவன் மனுஷன்தான், ஆனால் பார்க்கிறபோது அப்படித் தோன்றாது. ஒரு கிரகத்தில் இறங்கினால் வேடசந்தூர்ப் பக்கம் சித்திரை மாதத்தில் தெரிகிற அதே பொட்டல், அதே கானல். புழுதி எழும்பி வருகிறபோது நான் என்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டேன். கப்பலின் எஞ்சின் சத்தம் இன்னொரு அதிசயம். பாரம் ஏற்றினால் ஒரு மாதிரி, காலியாகப் போனால் ஒரு மாதிரி. லாரிக்காரன் காதுக்கே அது புரியும். பைலட் கிழவர் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் ஒரு ஊருக்கு இனாமாகத் தண்ணீர் இறக்கியதை, ரொம்ப நாள் கழித்து, வேறு எதையோ பேசுகிறபோது அவராக எடுத்துச் சொன்னார். என் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட நான் செய்ததை அப்படி ஞாபகம் வைத்திருந்ததில்லை.

குறைகளும் கொஞ்சநஞ்சம் இல்லை. எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, மகளே கண்ணைச் சுருக்கித்தான் வாசித்தாள். கிரகம் வேறு வேறு என்கிறார்கள், உள்ளே போனால் அதே கூடம், அதே இரும்புக் கதவு, அதே பெட்டி. சுடப்பட்ட ஆள் ஒருவன் பாதி உடம்பு சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான், சாகவில்லை. கடைக்காரர்கள் மகா முட்டாள்கள். எந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் ஒரே விலை. பேரம் என்பதே கிடையாது. மார்க்கெட்டில் மூட்டைக்கு மூட்டை பேரம் கேட்டு வளர்ந்த எனக்கு அது வெறுத்துப்போனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்தக் கப்பலில் எதுவும் அழுகாது. விதை நாற்று ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். சண்டை போட்டேன், வழி தவறினேன், தூங்கி எழுந்தேன். கடைசியில் இறக்கியபோது நாற்று பறித்த மாதிரியே பச்சையாக இருந்தது. இதைக் கேட்டதும் மகள் சிரித்துவிட்டாள்.

"ஏன்ப்பா, இத்தன பேரு விளையாடுறோம், ஒருத்தருக்கும் இது தோணலையே."

"நீங்கள்லாம் அழுகுன தக்காளிக்குக் கோட்டயத்துக்காரன்கிட்ட திட்டு வாங்கியிருக்கீங்களா? நான் வாங்கியிருக்கேன்" என்றேன்.

அதை அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். கம்பெனியில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்களாம். படித்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்ததில் ஓட்டை கண்டுபிடித்தேன் என்று நான் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

இனி அந்த எஞ்சின் பெண்ணைப் பற்றி.

முதல் சவாரிக்குக் கப்பல் கிளம்புகிறபோது அவள் வந்து நின்றாள். மகள் வாசித்துச் சொன்னாள்: எஞ்சினில் ஒரு சத்தம் கேட்கிறது கேப்டன், கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறாள். மூன்று பதில் இருந்தது. நிறுத்திப் பார் என்பது ஒன்று, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, கிளம்புகிற நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதே என்பது. நான் யோசிக்கவே இல்லை, மூன்றாவதை அமுக்கினேன்.

அதற்குக் காரணம் உண்டு. லாரித் தொழிலில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயில் ஆட்கள். என் வண்டி ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்கு மேலே மாதா படம் இருக்கும், புது வண்டி வாங்கினால் சாமியார் வந்து மந்திரித்துத் தருவார். ஆனாலும் டிரைவர்கள் எல்லா ஜாதியும் மதமும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒருத்தரும் மலை ஏற மாட்டார்கள். நானும் டிரைவராக இருந்தவன்தானே, எனக்கும் அது இல்லாமல் மனசு நிலைக்காது. பழத்தை வைத்துவிட்டால் அப்புறம் ஒரு தடைச்சொல் வரக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, டயர் தேய்ந்திருக்கிறது, போல்ட் ஆடுகிறது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விஷயத்தில் என் ஷெட் மாதிரிக் கட்டுப்பாடு சுற்றுவட்டாரத்தில் எங்கும் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டில்தான் ஒரு வண்டியிலிருந்து இத்தனை வண்டியாக வளர்ந்தேன் என்று நம்பினேன்.

இரண்டாவது சவாரியிலும் அவள் வந்தாள். இந்த முறை சத்தம் என்று சொல்லவில்லை, ஒரு சந்தேகம் என்றாள். அதே பதில். மூன்றாவது முறை கதவருகே வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திரும்பினாள். எப்படிப் பயந்து நடக்கிறாள் பார் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு கப்பலில் எல்லாம் நன்றாக ஓடியது. அதுதான் எனக்கு முதலில் உறைக்காத விஷயம். கேப்டன் நாற்காலிக்கு முன்னால் வரிசையாக மீட்டர்கள் இருக்கும். எரிபொருள், காற்று, சூடு, அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முள். எல்லா முள்ளும் பச்சையில் நின்றது. நான் உள்ளே போனால், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பைலட் கிழவர் பழைய கதை சொல்வதை விட்டுவிட்டார். எஞ்சின் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் "சரி கேப்டன்" என்ற ஒரே சொல். அதை அவள் சொல்கிற விதத்தில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. கடை மூடியபிறகு பலகைக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் என் காதுக்கு வேறாகக் கேட்டது. பாரம் இல்லாதபோதும் பாரத்தோடு ஓடுகிற மாதிரி. முள்ளைப் பார்த்தேன், பச்சை. சரி, நமக்குத்தான் காது மந்தமாகிறது என்று விட்டுவிட்டேன்.

கதையின் நடுவில் ஒரு கணவாய் வருகிறது. நட்சத்திரமே இல்லாத இருட்டு. அதைத் தாண்டினால்தான் கடைசி ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். கப்பலை உள்ளே விட்டேன். கொஞ்ச தூரம் போனதும் நால்வரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. எல்லா முள்ளும் பச்சை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெடிச் சத்தம் இல்லை, நெருப்பு இல்லை. திரை கறுத்துப்போனது. கேம் நின்றுவிட்டது என்று நினைத்து மகள் கம்பியை அசைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. நாங்கள் செத்திருந்தோம்.

செத்தால் பழைய இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம் என்பது இந்த கேம்களில் ஒரு வசதி. வசதி என்று மகள் சொல்கிறாள், நான் குறை என்பேன். செத்தவனுக்குத் திரும்ப வண்டியைக் கொடுத்தால் அவன் எப்படிப் பயம் கற்றுக்கொள்வான்? இருந்தாலும் ஆரம்பித்தேன். மறுபடியும் கணவாய், மறுபடியும் பச்சை, மறுபடியும் அந்த நால்வர். வேறு வழியாகப் போனேன். பாரத்தைக் குறைத்துப் போனேன். எப்படிப் போனாலும் அதே இருட்டு. அவளைக் கூப்பிட்டு நானாகக் கேட்டுவிடலாம் என்று பார்த்தால், எஞ்சினில் என்ன கோளாறு என்று கேட்க ஒரு பதில்கூடத் திரையில் இல்லை.

மகள் இதைப் பெரிய பிழை என்று எழுதி அனுப்பினாள். மீட்டர் வேலை செய்யவில்லை, எஞ்சின் பாத்திரத்துக்குப் பேச்சு வரவில்லை, சரி செய்யவும் என்று. மறுநாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து நான் கண்ணயர்கிற நேரத்தில், பதில் வந்தது. அவள் அதை முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பிழை இல்லையாம்ப்பா. வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்காங்களாம். கெட்ட சேதியத் திரும்பத் திரும்பக் கேக்க மாட்டேங்கிற கேப்டனுக்கு அப்புறம் கெட்ட சேதியே வராதாம். அந்த முள்ளப் பச்சையில வைக்கிறது மீட்டர் இல்ல. கூட இருக்கிற ஆளுங்க."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மகனிடமிருந்து போன் வந்தது. தினமும் அந்த வேளைக்குக் கூப்பிட்டு ஷெட் விவரம் சொல்லுவான். எத்தனை வண்டி கிளம்பியது, எத்தனை வண்டி வந்தது, எல்லாம் சரிதான்ப்பா என்று முடிப்பான். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தான். பிறகு, கோட்டயம் வண்டி டிரைவருக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை, லோடு ஏற்றியாகிவிட்டது, நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

அந்த டிரைவர் என்னிடம் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவர். காய்ச்சலென்று அவர் வண்டியை விட்டு இறங்கியதை நான் பார்த்ததே இல்லை. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற ஆள்.

"வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

போனில் ஒரு கணம் ஷெட்டின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மகன் சொன்னான். "எல்லாம் சரிதான்ப்பா."

அவன் குரல் எனக்கு அப்போது புதிதாகக் கேட்டது. எத்தனையோ வருஷமாக அவன் என்னிடம் அந்தக் குரலில்தான் பேசுகிறான். மரியாதையான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளைக் காரை எடுக்கச் சொன்னேன். என் மனைவி வாசல்வரை வந்தாள், எங்கே என்று கேட்கவில்லை. என் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கோட்டயம் வண்டி தார்ப்பாய் இழுத்துக் கட்டி, தெற்கே பார்த்து நின்றது. தக்காளியும் முருங்கைக்காயும் பாரம் முழுக்க. சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்தாகிவிட்டது. கிளீனர் சூடத்தைத் தட்டில் வைத்திருந்தார். அந்த வண்டி குமுளி ஏறி, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் உயிர். வளைவுக்கு வளைவு கீழே தேயிலைத் தோட்டம் பச்சையாக, அழகாக, வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

பழம் வைத்தபிறகு என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அங்கே யாரும் கேட்டதில்லை. சூடத் தட்டு அப்படியே நின்றது. வாக்கரை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனேன். இந்த வண்டியில் என்ன குறை என்று பொதுவாகக் கேட்டேன். லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிளீனர் தட்டைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க மொதலாளி" என்றார் ஒருவர். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்.

அதட்டிக் கேட்டேன். அதட்டியதும் அந்தப் பணிவு இன்னும் கூடியது. நயமாகவும் கேட்டுப் பார்த்தேன். நயமாகக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, அவர்களுக்கும் அது பழக்கமில்லை. அதனால் இன்னும் பயந்தார்கள். மகன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கேட்டாலும் இவர்களிடமிருந்து இனி ஒரு சொல்லும் வராது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கட்டிய ஷெட், நான் வைத்த ஆட்கள். கேட்கிற வழி எனக்கில்லை.

கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்து, இரண்டு பேரைத் தூக்கிவிடச் சொல்லி, கேபினுக்குள் ஏறினேன். முழங்காலில் தையல் கிழிகிற மாதிரி வலித்தது. கீழே மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா இது? எறங்குங்க" என்றான் மகன்.

"நானும் கோட்டயம் வாரேன்."

"இந்தக் கால வச்சுக்கிட்டா?"

"வண்டிதான் சரியா இருக்கே அப்பு. கால நீட்டிக்கிட்டு உக்காந்து வாரேன். ஸ்டார்ட் பண்ணு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. நின்றிருந்த வண்டியை எடுத்தால் ஏர் டேங்கில் காற்று நிரம்புகிறவரை கேபினில் பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும். பிரேக்குக்குக் காற்றுப் போதாது, நகராதே என்று அர்த்தம். எந்த லாரிக்காரனுக்கும் தாய்க்குரல் மாதிரிப் பழகின சத்தம் அது. அது கேட்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது, பஸ்ஸர் வாய் திறக்கவில்லை. காற்று முள் ஊர்ந்து ஊர்ந்து பாதிக்கு வந்தது. அவன் பிரேக்கை ஒரு தடவை மிதித்தான். முள் சரிந்தது. இன்னொரு தடவை மிதித்தான். இன்னும் சரிந்தது, திரும்பி ஏறவில்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

அவன் எஞ்சினை அணைத்தான்.

"டிரைவருக்குக் காய்ச்சல் இல்லப்பா. இந்த வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டாரு. காத்து நிக்க மாட்டேங்குது, ரொம்ப நாளாவே."

"பஸ்ஸர்?"

"வயரப் புடுங்கி விட்டுருக்கோம். ஒரு நா நீங்க சூடம் காட்டையில கத்திருச்சு. தடை வந்துருச்சுன்னு நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. மறுநா கிளீனரு கழட்டிட்டாரு."

அது எனக்கு ஞாபகமே இல்லை.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"யாருகிட்டப்பா சொல்ல?" என்றான். திட்டுகிற மாதிரிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகக் கேட்டான், விலாசம் தெரியாதவன் கேட்கிற மாதிரி.

கீழே லோடுமேன்கள் ஒருவரும் சொல்லாமலே தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். லோடை வாடகை வண்டி பிடித்து மாற்றலாம், இல்லை அழுகட்டும், நட்டம் என்னோடது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சக்கரத்துக்குக் கீழே பழம் நசுங்காமல் முழுசாக இருந்தது. மகன் உயிர் என் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாதாவுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தவன், ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். இந்த ஒரு வண்டியைத் தவிர அங்கே வேறு வண்டி இல்லை. எல்லாம் ரோட்டில் இருந்தன.

"மத்த வண்டிங்க எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"எந்த வண்டியில இருந்து ஆரம்பிக்கட்டும்?"

"இப்ப மலையில இருக்கிற வண்டியில இருந்து சொல்லு."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வண்டிகள் போகிற இடம் தெரிகிற படத்தை விரித்துப் பார்த்தான். குட்டிக்கானம் தாண்டி இரண்டு வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது என்றான்.